சாவுக்கா, சாமிக்கா, மீட்டிங்குக்கா? மாட்டுத்தாவணியில் ஒரு மலர்வளையக் கடை

மலர்வளையம் வாங்க யாரும் ரிவ்யூ படித்துவிட்டுப் போவதில்லை, தெரியும். ஒரு சாவு விழுந்தால் பக்கத்து வீட்டுப் பையனை வண்டியில் அனுப்புவோம், அவன் கண்ணில் முதலில் எந்தக் கடை படுகிறதோ அங்கே தயாராகத் தொங்குவதைத் தூக்கிக்கொண்டு வருவான், அத்தோடு முடிந்தது. ஆனால் நான் வருடா வருடம் டிசம்பர் 7-ஆம் தேதிக்கு ஒரு வளையம் வாங்குகிற ஆள். ஏழெட்டு வருடத்தில் மதுரையில் நாலைந்து கடை பார்த்துவிட்டேன், காசும் போயிருக்கிறது, ஊரில் மானமும் போயிருக்கிறது. போன வருடம்தான் ஒழுங்கான கடை ஒன்று கிடைத்தது.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வெளியே, மாலை கட்டுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பக்கம். பெயர்ப்பலகை கிடையாது. நீலத் தார்ப்பாய், ஒரு மரப்பெஞ்சு, சுவரில் ஆணி அடித்து மாட்டிய வெறும் மூங்கில் வளையங்கள். "வளையம் கட்டுற அக்கா" என்று கேட்டால் டீக்கடைக்காரர் கை காட்டிவிடுவார். அக்காவுக்கு அறுபதுக்குப் பக்கம் இருக்கும், கூட மருமகள் ஒருத்தி, எழுத்து ஒட்ட ஒரு பையன். அவ்வளவுதான் கடை.

டிசம்பர் 7 எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் கொடிநாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒரு கட்டோடு வருவார், காசு கொடுத்தால் சின்னக் காகிதக் கொடியைக் குண்டூசியால் சட்டையில் குத்திவிடுவார், நினைவிருக்கும். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று மூன்று பட்டை. தரைப்படை, கடற்படை, விமானப்படை. 1949-லிருந்து நடக்கிறது, வசூலாகும் பணம் போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் கை கால் இழந்தவர்களுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் போகிறது. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அதைத் தேசியக் கொடியில் நடந்த அச்சுப்பிழை என்றே நினைத்திருந்தோம்.

என் சித்தப்பா மதராஸ் ரெஜிமென்ட். அமைதிப்படையோடு இலங்கைக்குப் போய் 1988-ல் யாழ்ப்பாணத்தில் இறந்தார். கார்கிலுக்கு ஜூலை 26 இருக்கிறது, 1971 போருக்கு டிசம்பர் 16 இருக்கிறது, டிவியில் காட்டுவார்கள், பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டி வைப்பார்கள். இலங்கைக்குப் போனவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை, அவர்களுக்கென்று ஊரறிந்த தேதி எதுவும் எங்கள் பக்கம் கிடையாது. 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அதில் அவர் பக்கம் ஒரு நியாயம் இருந்தது, நான் மறுக்க மாட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்த எங்கள் அப்பத்தாவுக்கு அந்த நியாயம் புரிந்திருக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்க மாட்டேன். அதனால் பொதுவாக எல்லாருக்குமாக இருக்கும் கொடிநாளையே எங்கள் வீட்டில் எடுத்துக்கொண்டோம்.

ஊர் டி.கல்லுப்பட்டிக்கு உள்ளே. பள்ளிக்கூடத்துக்கு எதிரே முன்னாள் ராணுவத்துக்காரர்கள் சேர்ந்து ஒரு தூண் கட்டியிருக்கிறார்கள்: தலைகீழாகக் குத்தி நிற்கும் துப்பாக்கி, அதன் மேல் இரும்புத் தொப்பி. டெல்லியில் இந்தியா கேட் அடியில் 1972-லிருந்து இருந்த அமர் ஜவான் ஜோதியைப் பார்த்துச் செய்தது. அந்தச் சுடரை 2022-ல் கொண்டுபோய்ப் பக்கத்தில் இருக்கும் தேசியப் போர் நினைவுச் சின்னத்துச் சுடரோடு சேர்த்துவிட்டார்கள், எங்கள் ஊர் சிமெண்டுத் துப்பாக்கி மட்டும் அப்படியே நிற்கிறது. தொப்பி அளவு கொஞ்சம் பெரிதாகிவிட்டது, தூரத்திலிருந்து பார்த்தால் சட்டி கவிழ்த்த மாதிரி இருக்கும். சரி, கொத்தனாரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் முன்னால் வைத்துக்கொண்டது ஒரு பத்து ரூபாய்க் காலண்டர்.

இந்தத் தூணுக்குத்தான் வளையம். போன வருடத்துக்கு முந்தைய வருடம் நகருக்குள் வேறொரு கடையில் வாங்கினேன், பெயர் வேண்டாம். ஆர்டர் கொடுக்கும்போது "மிலிட்டரிக்கு" என்று சொன்னேன், "தெரியும் சார், விடுங்க" என்றார்கள். அந்த "விடுங்க"விலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். காலையில் போனால் தெர்மாகோல் வட்டத்தில் குண்டூசியால் பூவைக் குத்தி வைத்திருக்கிறார்கள். பாதி சம்பங்கி, அதையும் நீலச் சாயத்தில் முக்கியது. குறுக்கே மூவர்ணத்தில் ஒரு சாட்டின் ரிப்பன், பச்சை மேலே வரும்படி, அதன் மேல் தங்க எழுத்தில் "கண்ணீர் அஞ்சலி". ஊருக்குக் கொண்டுபோனதும் ஹவில்தார் மாமா அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "மாப்ளே, கொடி மேல எழுத்து எழுதக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. தலைகீழா வேற வச்சிருக்கான். இதை வச்சா நான் சல்யூட் அடிக்க மாட்டேன்." ரிப்பனைப் பிய்த்து எடுத்துவிட்டு வைத்தோம். கொஞ்ச நேரத்தில் சாயம் ஒழுகித் தூணின் வெள்ளைக் கல்லில் நீலக்கோடு இறங்கியது. அது போக ஆறு மாதம் ஆனது.

அதனால்தான் போன வருடம் கடைக்காரர் வாயைத் திறந்ததுமே கவனமாகக் கேட்டேன். அக்கா கேட்ட முதல் கேள்வி: "தம்பி, சாவுக்கா, சாமிக்கா, மீட்டிங்குக்கா?"

அதில் என்ன வித்தியாசம் என்றேன். "சாவுக்குன்னா வெள்ளைப் பூ நிறையப் போடணும், காலைல கட்டுனா சாயங்காலத்துக்குள்ள எரிஞ்சு போகும், வாடுறதைப் பத்திக் கவலை இல்ல. சாமிக்குன்னா வாசம் வேணும். மீட்டிங்குன்னா சும்மா பெருசா இருந்தாப் போதும், போட்டோ எடுத்ததும் தூக்கி ஓரமாப் போட்ருவாங்க."

"மூணும் இல்லக்கா. முப்பத்தஞ்சு வருசத்துக்கு முன்னாடி இறந்தவருக்கு."

கையில் இருந்த நாரைக் கீழே வைத்தார். "அப்ப நாளு தாங்கணும். வெயில்ல இருக்குமா நிழல்லயா? எத்தனை நாள் எடுக்காம வச்சிருப்பீங்க?" ஏழெட்டு வருடத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் கடைக்காரர் இவர்தான். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

கட்டும் முறை பார்க்க வேண்டியது. மூங்கில் பிளாச்சை வளைத்து இரண்டு வட்டம், நடுவில் நனைத்த வைக்கோலைத் திணித்து வாழைநாரால் இறுக்கிச் சுற்றுகிறார்கள். அந்த ஈரம்தான் பூவை இரண்டு நாள் தாங்குகிறதாம். மேலே நெட்டிலிங்க இலை, கொஞ்சம் மரிக்கொழுந்து, அதற்கு மேல் பூக்கொத்துகளைக் காம்போடு செருகி நாரால் கட்டு. குண்டூசி ஒன்றுகூடக் கிடையாது. மல்லிகை வைக்கலாமா என்று கேட்டதற்கு அக்கா சிரித்தார். பனி இறங்கிவிட்டால் மல்லி வரத்துக் குறைந்து விலை எகிறிவிடும், அது போக மொட்டு விரிந்து மறுநாள் பழுப்பாகிவிடும். புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியை மதுரைக்காரி ஒருத்தியே இப்படித் தள்ளிவிடுவார் என்று எதிர்பார்க்கவில்லை.

நிறம் பேசத்தான் நேரமானது. கொடிநாளின் மூன்று நிறமும் வர வேண்டும், சாயம் கூடாது என்றேன். சிவப்புக்குக் கோழிக்கொண்டை, யோசிக்கவே இல்லை. கருநீலத்துக்கு ஒரு கூடையைத் திறந்து வாடாமல்லியைக் காட்டினார். அது நீலமில்லையே, ஊதாதானே என்றேன். "நீலத்துல பூ வேணும்னா சங்குப்பூ இருக்கு, மத்தியானமே சுருண்டுரும். இது பேருலயே வாடாதுன்னு இருக்கு. எது வேணும்?" வாடாமல்லியே இருக்கட்டும் என்றேன். வெளிர்நீலத்துக்கு மதுரையில் பூவே கிடையாது, அதை ரிப்பனில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. விமானப்படைக்காரர்கள் மன்னிக்கவும்.

பேச்சோடு பேச்சாக ஹவில்தார் மாமாவின் பேரன் அனுப்பிய போட்டோவைப் போனில் காட்டினேன். அவன் லண்டனில் இருக்கிறான், நவம்பர் ஆனால் கோட்டில் சிவப்புக் காகிதப் பூ ஒன்றைக் குத்திக்கொள்வான். முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11 காலை 11 மணிக்கு நின்றது, போரில் இறந்த வீரர்களை நினைத்து வருடா வருடம் அதே நாளில் அங்கே இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கிறார்கள். பெல்ஜியம் பக்கம் குண்டு விழுந்து கிளறிப்போன மண்ணில் காட்டுப் பாப்பிச் செடிதான் எங்கும் சிவப்பாக முளைத்ததாம். 1915-ல் கனடா ராணுவ டாக்டர் ஒருவர் அதைக் கவிதையில் வைத்தார், 1921-லிருந்து பிரிட்டனில் காகிதப் பூவாக விற்கிறார்கள், அடுத்த வருடமே போரில் ஊனமானவர்களைக் கொண்டு செய்யவும் தொடங்கிவிட்டார்கள். நம் கொடிநாள் வசூலும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான். அந்தப் போருக்கு இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் கடந்து போனார்கள், எழுபதாயிரத்துக்கும் மேல் இறந்தார்கள். அக்காவுக்கு இதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. பூவை உற்றுப் பார்த்துவிட்டு "இது என்ன செடி?" என்றார். குருமாவுக்கு அரைக்கிறோமே கசகசா, அதற்குப் பங்காளி என்றேன். "அட" என்றார்.

டெல்லியில் ராணுவ ஆய்வு அமைப்பான யுனைடெட் சர்வீஸ் இன்ஸ்டிடியூஷன்காரர்கள் இந்தியாவுக்கு என்று ஒரு நினைவுப் பூவாகச் செண்டுப்பூவை முன்வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னேன். "செண்டுப்பூவா? அதை ஆயுதபூஜைக்கு லாரிக்கும் கட்டுவோமே" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கும் அதே தயக்கம்தான், எல்லாவற்றுக்கும் கட்டுகிற பூவை எப்படித் தனியாக ஒன்றுக்கு என்று வைப்பது? பூவுக்கும் போருக்கும் நம்மிடமே பழைய கணக்கு இருக்கிறது. ஆநிரை கவரப் போனால் வெட்சி, மீட்கப் போனால் கரந்தை, நேருக்கு நேர் மோதினால் தும்பை, ஜெயித்தால் வாகை. வெட்சி என்றால் நம் இட்லிப்பூதான், கோயில் வாசலில் கூடை கூடையாகக் கிடக்கும். தோற்காமலும் ஜெயிக்காமலும் திரும்பியவர்களுக்கு என்ன பூ என்று மட்டும் அந்தக் கணக்கில் இல்லை. கடைசியில் ஓரம் முழுக்கச் செண்டுப்பூவே வைத்தோம், வெயிலில் நன்றாக எடுத்துக் காட்டியது.

ஒரு பூவை மட்டும் நான் வேண்டாம் என்றேன். கார்த்திகை மாதம், காந்தள் கிடைக்கும், சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருகிறேன், மாநிலப் பூவாச்சே என்றார் அக்கா. காரணம் சொல்லவில்லை. சித்தப்பா எந்தப் பக்கத்தோடு சண்டை போட்டு இறந்தாரோ அந்தப் பக்கத்தார் நவம்பர் 27-ல் தங்கள் ஆட்களுக்கு வைக்கும் பூ அது. அதே தமிழ், அதே கார்த்திகை. அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கேட்கவில்லை.

ரிப்பனில் என்ன எழுதுவது என்பதிலும் அப்படித்தான். "வீரவணக்கம்" என்று போடவா என்றான் பையன். அந்தச் சொல்லும் இரண்டு பக்கமும் ஓடுகிற சொல். "கண்ணீர் அஞ்சலி" என்றால் மாமா அடிக்க வருவார். "தாய்நாட்டுக்காக" என்று எழுதலாமா என்று வீட்டிலேயே ஒரு சண்டை நடந்திருக்கிறது, சித்தி அதற்குப் பதிலே சொல்லாமல் அடுப்படிக்குள் போய்விட்டார். நான் யோசித்துக்கொண்டே நின்றதைப் பார்த்து அக்காதான் சொன்னார், "பேரு, ஊரு, வருசம். போதும் தம்பி." அப்படியே எழுதினோம். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் மூன்று தனித்தனி ரிப்பன், எழுத்து கருநீலத்தில் மட்டும்.

விலை: மூன்றடி வளையம், ரிப்பன் எழுத்து எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய். தெர்மாகோல் கடையில் இதைவிடச் சின்னதற்கு 1,800 கொடுத்தேன். முந்தின நாள் மதியமே பாதிப் பணம் கொடுத்துவிட வேண்டும், விடிகாலை நாலரைக்குக் கட்ட ஆரம்பிக்கிறார்கள், ஆறு மணிக்குக் கையில் கிடைக்கும். சொன்ன நேரத்துக்குக் கிடைத்தது.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்தது. "வண்டியா, பஸ்ஸா?" என்றார். பஸ் என்றேன். உடனே இரண்டு தலைவாழை இலையை வைத்து முன்னும் பின்னும் மூடி, ஈரச் சாக்கால் சுற்றி, தூக்குவதற்கு நாரில் ஒரு பிடியும் போட்டுவிட்டார். முந்தைய வருடம் வளையத்தைத் திறந்தபடி ராஜபாளையம் பஸ்ஸில் கொண்டுபோனவன் நான். இடித்துக்கொண்டு நிற்கிற கூட்டத்தில் என் பக்கத்து சீட் திருமங்கலம் தாண்டியும் காலியாகவே வந்தது. ஏறிய ஒரு அம்மா பார்த்துவிட்டு இறங்கி அடுத்த பஸ்ஸுக்குப் போனார், கண்டக்டர் "அண்ணே, கொஞ்சம் பின்னாடி போயிருங்களேன்" என்று கெஞ்சினார். இந்தத் தடவை கேட்டவர்களிடம் வாழைக்கன்று என்று சொன்னேன், நம்பினார்களா தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

தூணில் வைத்தபோது ஹவில்தார் மாமா வளையத்தைச் சுற்றி ஒரு நடை வந்தார். ரிப்பனைத் தூக்கிப் படித்தார். ஒன்றும் சொல்லாமல் போய் வரிசையில் நின்று சல்யூட் அடித்தார். இரண்டு நிமிட மௌனம், போனில் பிகிள் சத்தம், அவ்வளவுதான் நிகழ்ச்சி. எல்லாரும் கலைந்த பிறகு மாமா இடுப்பிலிருந்து கேன்டீன் ரம் குப்பியை எடுத்து, ஒரு மூடி அளவு தூணடியில் ஊற்றினார். இது வருடா வருடம் நடக்கும், யாரும் பார்க்காத மாதிரி இருந்துகொள்வோம். கண்மாய்க் கரையில் ஒரு பழைய வீரன் கல் இருக்கிறது, அதற்கு அப்பத்தா சாராயமும் சுருட்டும் வைப்பார். சங்கப் பாட்டிலும் நடுகல்லுக்கு மயில்பீலி சூட்டிக் கள் படைக்கிறார்கள். ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த நடுகற்கள் இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழசு, ஒன்றில் மாடு கவரும் ஆகோள் பூசலில் இறந்தவனின் பெயரும் ஊரும் தமிழ் பிராமியில் வெட்டியிருக்கிறது. அதைப் பற்றிப் படித்தபோது எனக்கு அக்கா சொன்ன "பேரு, ஊரு" காதில் விழுந்தது.

குறை இல்லாமல் இல்லை. போன் எடுக்கவே மாட்டார்கள், நேரில்தான் போக வேண்டும். முகூர்த்த நாளில் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஐயப்ப சீசனில் வேறு கூட்டம் நெரியும். வளையத்தை நிறுத்தி வைக்க முக்காலி தருவதில்லை, நாங்கள் பள்ளிக்கூடத்து ஸ்டூலில் சாய்த்து வைத்தோம். எழுத்தைக் காகிதத்தில் தெளிவாக எழுதிக்கொடுத்துவிட்டு, ஒட்டி முடிக்கும்வரை பக்கத்தில் நில்லுங்கள், பையன் "ல"வுக்கும் "ள"வுக்கும் ஒரே அச்சுத்தான் வைத்திருக்கிறான். வண்டி நிறுத்த இடமில்லை. அப்புறம் "ஒரு பத்து ரோஜா செருகவா" என்று இரண்டு தடவை கேட்பார், வேண்டாம் என்றால் விட்டுவிடுவார், ரோஜா வைத்தால் நூற்றைம்பது கூடும்.

வளையத்தை நாங்கள் எடுக்கவில்லை. கோழிக்கொண்டை ஒரு வாரத்தில் கருத்தது, செண்டுப்பூ அதற்கு முன்பே போனது. வாடாமல்லி பொங்கல் வரைக்கும் நிறம் மாறாமல் காய்ந்து நின்றது, பிறகு உதிர்ந்தது. கோடைமழை பெய்ததும் தூணைச் சுற்றி முளைத்து, ஆவணியில் பூத்தும் விட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதைப் பிடுங்கக் கூடாது என்று மாமா நாலு கல்லை நட்டுக் கயிறு கட்டியிருக்கிறார்.

போன வாரம் இந்த வருட ஆர்டர் கொடுக்கப் போனபோது இதை அக்காவிடம் சொன்னேன். கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப வாடாமல்லிக்கு எதுக்கு என்கிட்ட காசு குடுக்குறீங்க? ஆறாம் தேதி சாயங்காலம் அங்க பறிச்சு ஈரத்துணியில சுத்திக் கொண்டாங்க. நூத்தம்பது ரூபா குறைச்சுக்கிறேன்."